நான் சொன்னதா இருக்க வேணாம்

எங்கள் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில் வம்பு பேசுவதற்கென்றே ஒரு முகவுரை உண்டு. யாரைப் பற்றியாவது வாய் திறப்பதற்கு முன்னால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நான் சொன்னதா இருக்க வேணாம்" என்று ஆரம்பிப்பார்கள். துணைவேந்தர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், யாருடைய ஆய்வேடு யாருடையதைப் பார்த்து எழுதியது, நூலகர் ஏன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார், எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே வரும். போன மாதம் சேர்ந்த தட்டச்சர்கூட இரண்டாம் நாளே கற்றுக்கொண்டுவிட்டார். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இப்போது இருப்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எல்லோரும் கூடி டீ குடிக்கும் அறைக்குப் போவதில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அது ஒரு மனிதருடைய வாய்ச்சொல். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரை நான் இதே கட்டடத்தில், அப்போது வரைபட அறையாக இருந்த இந்த அறையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேட்டி எடுத்தேன். வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்கள் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆட்கள் எங்கேயும் போவதில்லை, அவரவர் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் பெயர் மட்டும் போய்விடும். அவர் தேர்தல் அலுவலகத்தில் பட்டியல் பிரிவில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர். வந்து உட்கார்ந்ததும் பெயரைக் கேட்டேன். "பேரு எதுக்கும்மா? பேரை எடுக்கறதைப் பத்தித்தானே பேசப் போறோம்" என்று சிரித்தார்.

கையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு வைத்திருந்தார். பேச்சுக்கு நடுவில் அதை மேஜையில் இரண்டு முறை தட்டுவார். தொண்டையைச் செருமிக்கொள்வார். அப்புறம் சொன்னார்:

"ரயில் பாதை ஓரம் நாலு தெரு. ஒரே நாள்ல நானூத்திப் பதினேழு பேரு வீடு மாறிப் போயிட்டாங்கன்னு நான் டைப் அடிச்சேன்ம்மா. அடின்னாங்க, அடிச்சேன். சாயங்காலம் அந்தத் தெரு வழியாத்தான் வீட்டுக்குப் போனேன். எல்லாரும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. மத்தியானம் நான் அழிச்ச ஒரு அம்மா என்னை நிறுத்தி, 'தம்பி, மணி என்ன'ன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல." டொக், டொக். "நான் சொன்னதா இருக்க வேணாம்."

எனக்குப் புல்லரித்துப் போனது. அவருக்காக இல்லை. என் மூன்றாம் அத்தியாயத்துக்காக.

என் நெறியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. மனிதர் சாப்பிடும்போதுகூட ஆதாரம் கேட்பார். பதிவைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஆளை மறை. ஆனா பேச்சுல கை வைக்காதே. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே. அதுதான் சான்று" என்றார். மறைப்பதில் நான் சூரப்புலி. அவருக்கு ஐந்து வயது கூட்டினேன். வேலை செய்த பிரிவை மாற்றினேன். ஆளையே பெண்ணாக்கினேன். "பதிலளித்தவர் பதினொன்று, பெண், முன்னாள் ஊழியர்." பெற்ற தாய் வந்தால்கூட அடையாளம் தெரியாது என்று மார்தட்டிக்கொண்டேன். வாயை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். அந்த வாக்கியத்தையே அத்தியாயத்துக்குத் தலைப்பாகவும் வைத்தேன். துறைக் கருத்தரங்கில் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமி, அவர் மாதிரியே சொல்லிக் காட்டினேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அன்றைக்குத் தொற்றியதுதான் இந்தத் துறைக்கு.

நான் செய்த தப்பு என்னவென்றால், அவரை நான் தனியாக மட்டுமே பார்த்திருந்தேன். மூடிய அறையில் இரண்டே பேர் இருக்கும்போது ஒருவர் "நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றால், பயந்த மனிதர் என்னிடம் வைக்கிற வேண்டுகோள் என்றுதானே நினைப்பேன்? அது வேண்டுகோள் இல்லை, அவருடைய பழக்கம். மழை வரும் போலிருக்கு, நான் சொன்னதா இருக்க வேணாம். இன்னிக்கு டீயில சர்க்கரை கம்மி, நான் சொன்னதா இருக்க வேணாம். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'வேணாம்' தான். "வேணாம் வந்தாச்சா?", "வேணாத்துக்கிட்ட கொடுங்க அந்தப் பேப்பர் கட்டை." மாடியிலும் கீழேயும் கேன்டீனிலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் நான் ஆராய்ச்சியாளர்.

துறை அந்த அத்தியாயத்தைச் சிறு நூலாகப் போட்டது. அதிலிருந்து ஒரு பத்திரிகை அந்தப் பகுதியை எடுத்துக் கட்டம் கட்டி, அந்த வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் போட்டது. "ஓர் ஊழியர் கூறுகிறார்" என்று மட்டும் இருந்தது. எங்கள் துறையின் பெயரோ என் பெயரோ இல்லை. அதற்காக நான் ஒரு நாள் முழுக்க எரிந்து விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை அவருடைய அலுவலகத்தில் யாரோ அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. "அட, நம்ம வேணாம்!" என்று ஒருவர் முதுகில் தட்டியிருக்கிறார். அவரும் கூடச் சிரித்தாராம். பிறகுதான் என்ன படித்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் உறைத்து, கூடம் அடங்கியிருக்கிறது. அந்த அலுவலக எழுத்தர் ஒருவர் இதை என்னிடம் சொன்னபோது விசாரணை முடிந்து, அந்த மனிதரை வேலையிலிருந்து எடுத்தும் விட்டிருந்தார்கள். யாரிடம் பேசினாய் என்று எத்தனையோ முறை கேட்டும் மனிதர் வாயைத் திறக்கவில்லையாம்.

நான் அவருக்குப் போன் செய்தேன்.

"சார், நான்தான், பல்கலைக்கழகத்துலேருந்து..."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "ராங் நம்பர்ம்மா" என்றார், குழந்தையிடம் சொல்வது மாதிரி. "இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க." அந்தப் பக்கம் எதிலோ இரண்டு தட்டுக் கேட்டது. வைத்துவிட்டார்.

நானும் பண்ணவில்லை. பெரியவர் சொன்ன சொல்லைத் தட்டக்கூடாது, பாருங்கள். ஒன்றரை வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்த செய்தியைப் பத்திரிகையின் ஓரத்தில் பார்த்தேன். போகவில்லை. போய் என்னவென்று நிற்பது? எனக்குப் பட்டம் கிடைத்தது, இதே துறையில் வேலை கிடைத்தது, வரைபடங்களையெல்லாம் நிலவறைக்கு அனுப்பிவிட்டு இந்த அறையை எனக்குக் கொடுத்தார்கள். வேறு அறை கேட்டேன். காரணம் கேட்டார்கள். காரணம் சொல்ல முடியவில்லை.

இந்த அறையில் தட்டுகிறது. பகலில்தான், பெரும்பாலும் மத்தியானத்தில். விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், டொக், டொக். ஜன்னல் கொக்கி என்று நினைத்துத் தச்சரைக் கூப்பிட்டேன். கொக்கி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்கள். பக்கத்து அறைக்காரர் தட்டுகிறாரோ என்று சண்டைக்கே போனேன். பாவம், அவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் தட்டுக் கேட்டதும் அடுத்து வரவேண்டிய வாக்கியத்துக்காகக் காது தானாக விடைத்துக்கொள்ளும். வராது. வராததுதான் ஆளைக் கொல்லும்.

அதைவிட மோசம், அது என் வாயில் ஏறிக்கொண்டது. வீட்டில் அடுப்படியில் நின்று, "பால் தீர்ந்துபோச்சு, நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றேன் ஒரு நாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க டிபார்ட்மென்ட் வியாதி உனக்கும் வந்துடுச்சா?" என்றார். வியாதியைக் கொண்டுவந்ததே நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஆய்வு விதிப்படி குரல் பதிவுகளை ஐந்து வருடத்தில் அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றாம் எண்ணை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் இன்னொரு முறை பட்டியலிலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. பதிவுக் கருவி என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பூட்டில் இருக்கிறது.

இன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். தட்டச்சர் தலையை மட்டும் நீட்டி, "மேடம், உங்களைத் தேடிக்கிட்டு ஒரு அம்மா வந்திருக்காங்க" என்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்று மாடி ஏறிய மூச்சு. அந்த மனிதர் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்தார். பையைத் திறந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தார்.

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இதோட மூடி இறுகிக்கிட்டு வராது மேடம். ரெண்டு தட்டு தட்டணும்." டொக், டொக். மூடி திறந்தது. "எங்க வீட்டுக்காரரோடது. இதைத் தட்டித் தட்டியே அவருக்கு எதுக்கெடுத்தாலும் தட்டற பழக்கம் வந்துடுச்சு."

கூட்டின் உள்துணிக்கு அடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளைப் பிரித்தார். எங்கள் துறையின் ஒப்புதல் படிவம். துறை முத்திரை, என் கையெழுத்து, ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

"விசாரணை நடந்தப்ப ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரு வந்து வீட்டையே புரட்டிப் போட்டாங்க. அப்பவும் இந்தக் கூடு அவரு சட்டைப் பையிலதான் இருந்திருக்கு, பாருங்க. போன வாரம் துணி பிஞ்சு இந்தத் தாளு வெளிய வந்துச்சு. இது நீங்கதானே?"

"ஆமாங்கம்மா."

அந்தத் தாளை அந்த மனிதர் விசாரணையில் காட்டியிருந்தால் பாதிப் பழி என் தலையில் இறங்கியிருக்கும். மடித்துத் துணிக்கடியில் வைத்துவிட்டார்.

"இதுல ஏதோ படிப்பு ஆராய்ச்சிக்காகக் குரலைப் பதிவு பண்ணுவோம்னு போட்டிருக்கு. வீட்டுல அவரு போட்டோ இருக்கு, சட்டை இருக்கு, குரல் மட்டும் எங்கயும் இல்ல. ஒரே ஒரு தடவை கேக்க முடியுமா?"

"இல்லீங்கம்மா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! "அஞ்சு வருஷத்துல அழிச்சிடணும்னு விதி. அழிச்சாச்சு."

அவர் வாதாடவில்லை. தலையை ஆட்டினார். "விதின்னா சரிதான்" என்று தாளை மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே, எனக்குச் சொல்வது மாதிரியும் இல்லாமல் சொன்னார்:

"நாளைக்குக் கொழுந்தனாருக்கு ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து பண்றாங்களாம். அண்ணியைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு அடம் பிடிக்கறாராம். அவரு சம்சாரம் நேத்து எங்க வாசல்ல நின்னு அழுதா. நான் கதவைத் திறக்கல."

"ஏங்கம்மா?" கேட்டிருக்கவே கூடாது.

"அவன்தானே காட்டிக் கொடுத்தது!" கை நின்றது. 'அவர்' போய் 'அவன்' வந்திருந்தது. "அதே ஆபீஸ்ல மேல்மாடியில இருந்தான். பத்திரிகையில வந்த விஷயம், ஒரு அம்மா மணி கேட்டாங்கன்னு... அது வெளிய யாருக்கும் தெரியாது மேடம். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில ஒரே ஒரு நாள் சொன்னாரு. அவரு, நான், கொழுந்தன், மூணே பேரு. நான் சொல்லல. அப்ப யாரு? அந்த மாசமே அவனுக்குப் பதவி உயர்வும் வந்துச்சு. இவரு சாகற வரைக்கும் கேட்டுப் பாத்தேன், யாருங்க உங்களைக் கவுத்ததுன்னு. 'விடு, யாரா இருந்தா என்ன'ன்னு சொல்லிட்டாரு. சொந்த ரத்தம்னாத்தானே ஒரு மனுஷன் அப்படி வாயை மூடிக்கிட்டிருப்பான்? அவரு கண்ணை மூடினதும் அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். இல்ல அண்ணின்னு அழுதான். ஆறு வருஷமா வாசப்படி மிதிக்க விடல."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ரத்தத்துக்காக மூடிய வாய் இல்லை அது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு முந்திரிக்கொட்டைக்காக மூடிய வாய்.

"ஆனாலும் நெஞ்சைத் திறக்கறாங்கன்னா மனசு என்னமோ பண்ணுது" என்றார் அந்த அம்மா. "இவரு குரலை ஒரு தடவை கேட்டா, போகலாமா வேணாமான்னு தெரியும்னு நினைச்சேன். சரி. ரொம்ப நன்றி."

கூட்டை மூடினார். மூடி படியவில்லை. டொக், டொக்.

இந்த முறை காது விடைத்ததும் நான் வாயைத் திறந்துவிட்டேன். "உக்காருங்கம்மா."

இழுப்பறைப் பூட்டில் சாவி நுழையவில்லை. மூன்றாம் தடவைதான் நுழைந்தது. கருவியை எடுத்து மேஜையில் வைத்தேன். "அழிக்கல" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். அழுத்தினேன்.

முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் செருமல். அந்தச் செருமலுக்கே அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வெளியில மூடிக்கிட்டு இருக்கு, மழை வரும் போலிருக்கு. நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றது குரல். அவர் அழுதுகொண்டே சிரித்தார். "இப்படித்தான், இப்படித்தான்" என்று கருவியைத் தடவினார். நான் நிறுத்தியிருக்கலாம். அதுவரைக்கும் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எனக்கும் பாதகமில்லை. நிறுத்தவில்லை.

ரயில் பாதை ஓரம் நாலு தெரு. நானூற்றுப் பதினேழு பேர். ஒரு அம்மா நிறுத்தி, தம்பி, மணி என்ன.

கருவியைத் தடவிய கை நின்றுவிட்டது.

அடுத்து வந்தது என் குரல். அதைக் கேட்க எனக்கு எப்போதுமே கூசும். எவ்வளவு உற்சாகம்! "கவலையே படாதீங்க சார். உங்க பேரு எங்கயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"அது போதும்மா" என்றது அவர் குரல்.

பதிவு முடிந்தது. வராந்தாவில் யாரோ மாணவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். சொல்ல வேண்டியதை நான் சொல்லித் தீர்த்தேன். எழுதினது நான், அந்த வாக்கியத்தை மாத்தாம விட்டது நான், உங்க கொழுந்தனார் யாருகிட்டயும் எதுவும் சொல்லல. நான் வைத்த தலைப்பைக்கூடச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது, எடுக்கவில்லை.

அவர் கூட்டிலிருந்து படிவத்தை மறுபடி எடுத்துப் பிரித்தார். உங்கள் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியிடப்படாது என்ற வரியில் விரலை வைத்தார்.

"பேரு வரலைதான்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தால்கூடச் சரி என்று வாங்கியிருப்பேன்.

"ஆறு வருஷமும் நீங்க இங்கயேதான் இருந்தீங்களா?"

"இருந்தேங்கம்மா."

"மூணு மாடி" என்றார். "எனக்குத் தெரிஞ்சிருந்தா என்னைக்கோ ஏறி வந்திருப்பேன்."

பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து எண்ணைத் தேடி அழுத்தி, என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, சாகப் போறவனைச் சமாதானப்படுத்தச் சொல்றேன்னு நினைப்பான்."

வாங்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். எடுத்துவிட்டார்கள். முதலில் ஆஸ்பத்திரிச் சத்தம், ஏதோ தள்ளுவண்டி உருள்வது. அப்புறம் ஒரு செருமல்.

"யாரு? அண்ணியா?"

அவருடைய குரல். தம்பிக்கும் அதே குரல். இந்தக் கருவியில் நூறு தடவை கேட்ட குரல், கொஞ்சம் களைத்துப்போய், என் காதுக்குள், என்னைக் கேட்கிறது. கருவி மேஜையில் அணைந்துதான் கிடந்தது. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

"ஹலோ? யாரு பேசறது?"

என் இடது கை மேஜையில் இரண்டு முறை தட்டியதை நான் கேட்டேன். வாயும் பழக்கப்படி திறந்துகொண்டது. "நான் சொன்னதா..."

எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நிறுத்தினேன். இந்த முறை ராங் நம்பர் என்று சொல்லி என்னைக் காப்பாற்ற அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

"நான் சொன்னதாவே இருக்கட்டும் சார்" என்றேன். முதலில் என் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும்.